கிளைவ் கிரேஞ்சர் கிளை தாவியவரா?

4.3.2024, காலை 9.10, வடிகட்டி

பொருளாதாரத் தரவைப் புள்ளியியலால் ஆராய்ந்த கிளைவ் கிரேஞ்சரின் கட்டுரைப் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. 1964ல் ஸ்பெக்ட்ரம். 1969ல் காரணச் சோதனை, அதே வருடம் முன்கணிப்புகளைக் கலப்பது. 1974ல் போலி ரிக்ரெஷன் (ரிக்ரெஷன் என்றால் ஒரு தொடரை மற்றொன்றால் விளக்கும் கோடு போடுவது). 1978ல் பைலீனியர் (பழைய மதிப்பையும் பழைய அதிர்ச்சியையும் பெருக்கிப் போடும் மாதிரி), 1980ல் நீண்ட நினைவு, 1987ல் கோஇன்டகிரேஷன். கடைசியில் அமேசான் காடு. என் கட்சி இதுதான்: மனிதர் கிளை கிளையாகத் தாவினார், ஒரு கிளையில் பழம் இருந்தது, 2003ல் நோபல் கிடைத்தது. எகனாமெட்ரிக்ஸ், அதாவது பொருளாதாரப் புள்ளியியல், படித்துப் பேராசிரியர் ஆக நினைக்கும் பிள்ளைகளுக்கு இவரை முன்மாதிரியாகக் காட்டாதீர்கள். மறுப்பவர்கள் வரலாம்.

4.3.2024, காலை 11.40, எச்சம்

வந்தேன். பட்டியல் சரி, அதைப் படித்த விதம்தான் தப்பு.

நாட்டிங்ஹாமில் 1959ல் பிஎச்டி. முடித்த கையோடு ஹார்க்னஸ் நிதியில் பிரின்ஸ்டன். அங்கே ஆஸ்கர் மார்கன்ஸ்டர்ன் பொருளாதாரத் தொடர்களை, அதாவது காலவரிசையில் அளந்த எண்களை, ஸ்பெக்ட்ரம் வழியில் ஆராய ஆட்களை வைத்திருந்தார், ஆலோசனை சொல்ல ஜான் டூக்கி இருந்தார். மிச்சியோ ஹடனாகாவோடு சேர்ந்து அந்தப் புத்தகம் 1964ல் வந்தது. ஸ்பெக்ட்ரம் என்றால் வேறொன்றுமில்லை. ஒரு தொடரின் ஏற்ற இறக்கத்தை மெதுவான அலைகள், வேகமான அலைகள் என்று பிரித்து, எந்த வேகத்துக்கு எவ்வளவு பங்கு என்று வரைவது.

1966ல் எகனாமெட்ரிகா இதழில் அவர் சொன்னது: பொருளாதாரத் தொடர் எதை எடுத்தாலும் இந்தப் படம் ஒரே ஜாடையில் இருக்கிறது. இடது ஓரத்தில், அதாவது மிக மெதுவான அலைகளில், ஒரு மலை. வலப்பக்கம் போகப் போகச் சரிவு. மாதாந்திரத் தரவென்றால் பன்னிரண்டு மாதச் சுழற்சியில் ஒரு சின்ன மேடு.

அந்த மலையை விட்டு அவர் இறங்கவே இல்லை. 1974 கட்டுரையின் கேள்வி: மலை உள்ள இரண்டு தொடர்களை ஒரே ரிக்ரெஷனில் போட்டால் என்ன கெடும்? 1980ல் ரோஸெலின் ஜுவாயுவுடன் எழுதிய நீண்ட நினைவு: மலை செங்குத்தாக இல்லாமல் பாதிச் சரிவாக இருந்தால்? 1987: இரண்டு மலைகளும் உண்மையில் ஒரே மலையாக இருந்தால்? தாவல் எங்கே இருக்கிறது?

4.3.2024, மதியம் 2.05, வடிகட்டி

1969 முன்கணிப்புக் கலவையும் பைலீனியரும் எந்த மலை?

4.3.2024, மதியம் 2.20, எச்சம்

அந்த இரண்டும் மலை அல்ல, ஒப்புக்கொள்கிறேன். பைலீனியர் முட்டுச்சந்து. கலவையைப் பற்றிப் பிறகு.

4.3.2024, இரவு 9.30, எச்சம்

1974 கட்டுரை இந்தத் துறைக்கு நுழைவாசல் மாதிரி. பால் நியூபோல்டோடு எழுதியது, ஜர்னல் ஆஃப் எகனாமெட்ரிக்ஸில் பத்தே பக்கம். அதில் உள்ள சோதனையை யார் வேண்டுமானாலும் ஒரு மணி நேரத்தில் திரும்பச் செய்யலாம்.

சராசரி 0, திட்ட விலக்கம் 1 உள்ள ரேண்டம் எண்கள் 50 எடுங்கள். ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போங்கள்: முதலாவது, முதலிரண்டின் கூட்டல், முதல் மூன்றின் கூட்டல். இது ஒரு ரேண்டம் வாக். இதோடு சம்பந்தமே இல்லாத வேறு 50 எண்களால் இன்னொன்று. முதலாவதை இரண்டாவதன் மேல் மாறிலி சேர்த்து ரிக்ரெஸ் செய்து டி-மதிப்பை, அதாவது கிடைத்த குணகத்தை அதன் பிழையால் வகுத்த எண்ணை, குறியுங்கள். இதையே 100 முறை.

இரண்டுக்கும் உறவில்லை என்று நமக்குத் தெரியும், ஏனென்றால் செய்தவர்கள் நாம். ஆகவே டி-மதிப்பு 2ஐத் தாண்டுவது 100ல் 5 முறைதான் நடக்க வேண்டும். அவர்களுக்கு வந்தது 77. விளக்கும் மாறிகளை ஐந்தாக்கினால், எல்லாமே சம்பந்தமற்ற ரேண்டம் வாக்காக இருந்தும், 96.

பிறகு எல்லாத் தொடர்களையும் முதல் வித்தியாசம் எடுத்து, அதாவது இன்றையதிலிருந்து நேற்றையதைக் கழித்து, மறுபடி ஓட்டினால் 5ஐ ஒட்டி இறங்கிவிடும். இந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள். நிரலில் தப்பில்லை, கோளாறு மலையில்தான் என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

5.3.2024, காலை 7.15, எச்சம்

நேற்றைய 77 பற்றி ஒரு திருத்தம். அவர்கள் ஓட்டியது 100 முறை மட்டும். 70களின் கணினிக்கு அது நியாயம். 10,000 முறை ஓட்டினால் 50 நீளத்துக்கு மூன்றில் இரண்டு பங்கை ஒட்டித்தான் வரும். முக்கால் பங்கு வருவது 100 நீளத்துக்கு. 1,000 நீளத்துக்குத் தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டும். 100 முறை ஓட்டிப் பெற்ற விகிதத்தில் ஐந்து புள்ளி அளவு நியமப் பிழை இருக்கும், எனவே 77 கொஞ்சம் அதிர்ஷ்டம் கலந்த எண்.

கவனிக்க வேண்டியது திசை. தரவு கூடக் கூடப் பிழை குறையும் என்றுதானே பாடத்தில் படிக்கிறோம்? இங்கே கூடுகிறது. டி-மதிப்பு நீளத்தின் வர்க்கமூலத்தோடு சேர்ந்து வளர்கிறது. ஏன் என்று 1986ல் பீட்டர் ஃபிலிப்ஸ் நிறுவினார். நடுவில் பன்னிரண்டு வருடம் நிறுவல் இல்லாமல் சிமுலேஷன் மட்டுமே நின்றது.

5.3.2024, காலை 10.00, பின்தேதி

இது புள்ளியியல்காரர் யூல் 1926ல் சொன்னதுதானே? இங்கிலாந்துத் திருச்சபையில் நடந்த திருமணங்களின் பங்கும் இறப்பு விகிதமும், 1866 முதல் 1911 வரை, ஒட்டுறவு 0.95. கிரேஞ்சர் புதிதாக என்ன செய்துவிட்டார்?

5.3.2024, காலை 10.45, எச்சம்

யூல் சொன்னது ஒட்டுறவைப் பற்றி, சொன்னது புள்ளியியல்காரர்களிடம். அரை நூற்றாண்டு ஆகியும் பொருளாதாரக்காரர்கள் 0.98 ஆர்-ஸ்கொயரும் (எவ்வளவு விளக்கியது என்ற அளவு) 0.4 டர்பின்-வாட்சனும் (அடுத்தடுத்த பிழைகள் ஒட்டவில்லை என்றால் 2ஐ ஒட்டி வரும் அளவு) கொண்ட சமன்பாடுகளை அச்சேற்றிக்கொண்டிருந்தார்கள். கிரேஞ்சரும் நியூபோல்டும் அதைத்தான் பிடித்தார்கள். ஆர்-ஸ்கொயர் டர்பின்-வாட்சனை விடப் பெரிதாக இருந்தால் சந்தேகப்படு என்ற கட்டைவிரல் விதி அங்கிருந்து வந்தது. இரண்டும் எல்லா அட்டவணையிலும் அச்சாகும் எண்கள். கால்குலேட்டர்கூட வேண்டாம், கண் போதும்.

விதி எங்கே சறுக்கும் என்றால்: பின்தேதி மாறியை, அதாவது போன காலாண்டின் அதே தொடரை, வலப்பக்கம் போட்டால் டர்பின்-வாட்சன் 2ஐ நோக்கி நகர்ந்துவிடும். விதியும் வாயை மூடிக்கொள்ளும். ஆனால் அப்படிப் போட்டாலே போலித்தனமும் பெருமளவு அடங்கிவிடும், ஆகவே பெரிய நஷ்டமில்லை.

5.3.2024, மதியம் 12.30, பின்தேதி

ஒரு துணுக்கு. இந்த முடிவை லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் கருத்தரங்கில் சொன்னபோது யாரும் நம்பவில்லை, நிரலில் எங்கோ தப்பு செய்திருப்பீர்கள் என்றார்கள். கிரேஞ்சரே இதைப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். தானும் அந்தக் குழுவில் ஒருவராக இருந்திருந்தால் இந்த ஆராய்ச்சியே வேண்டாம் என்று பேசி மனதை மாற்றியிருப்பார்கள் என்றும் சொன்னார்.

5.3.2024, மாலை 6.10, வடிகட்டி

அப்படியானால் ஓரத்தில் இருந்ததுதான் லாபம் என்கிறீர்களா? நாட்டிங்ஹாம் அன்று எகனாமெட்ரிக்ஸில் பெயர் பெற்ற இடம் இல்லையே.

5.3.2024, இரவு 8.50, எச்சம்

லாபம் பாதி. கணிதத் துறையில் புள்ளியியல் விரிவுரையாளராகச் சேர்ந்தவர். பல்கலையில் புள்ளியியல் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு என்பதால், மற்றத் துறைக்காரர்கள் தரவோடு வந்து கதவைத் தட்டுவார்கள். அப்படி வருவது எல்லாம் அழுக்குத் தரவு. நிறுவல் எழுதப் பழகியவர்களுக்கு வராத ஒரு சந்தேக குணம் அதில் வரும். நஷ்டப் பாதி: சக எகனாமெட்ரிக்ஸ்காரர்கள் இல்லை, அதனால் நிறுவல்கள் தாமதமாயின. ஃபிலிப்ஸ் வரும்வரை 1974 முடிவு வெறும் எண்ணாகவே நின்றது என்று காலையில் எழுதினேனே, அதுதான் விலை.

1974ல் சான் டியகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்குப் போனார். அடுத்த வருடம் எம்ஐடியிலிருந்து ராபர்ட் எங்கிள் வந்தார். கொஞ்சம் கழித்து ஹால்பர்ட் ஒயிட். ஒரு தாழ்வாரத்தில் மூன்று பேர், அவ்வளவுதான். துறையின் பாதிப் பாடத்திட்டம் அங்கே எழுதப்பட்டது.

6.3.2024, காலை 8.00, எச்சம்

1974க்கும் 1987க்கும் நடுவில் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் கதை நொண்டும்.

போலி ரிக்ரெஷனுக்கு மருந்து வித்தியாசம் எடுப்பது என்று ஆனது. பாக்ஸும் ஜென்கின்ஸும் 1970லேயே அதைப் பழக்கியிருந்தார்கள். ஆனால் மருந்துக்குப் பக்கவிளைவு உண்டு. நுகர்வையும் வருமானத்தையும் வித்தியாசம் எடுத்தால், "இந்தக் காலாண்டு எவ்வளவு மாறியது" மட்டும் மிஞ்சும். நுகர்வு வருமானத்தை விட்டு எவ்வளவு விலகி நிற்கிறது என்ற செய்தி போய்விடும். லண்டன் பக்கத்து ஆட்சேபம் இதுதான். டெனிஸ் சார்கன் 1964ல் கூலி, விலை பற்றி எழுதியதும், 1978ல் டேவிட்சன், ஹெண்ட்ரி, ஸ்ர்பா, யோ நால்வரும் பிரிட்டிஷ் நுகர்வு பற்றி எழுதியதும் வித்தியாசத்தோடு விலகலையும் சேர்த்துப் போட்டன. பிழைதிருத்தச் சமன்பாடு என்று பெயர்.

கிரேஞ்சருக்கு அதில் நம்பிக்கை இல்லை. மலை உள்ள இரண்டு தொடர்களைக் கழித்தால் மலை இல்லாதது வரலாம் என்று டேவிட் ஹெண்ட்ரி சொன்னார். வராது, நிரூபிக்கிறேன் என்று கிரேஞ்சர் உட்கார்ந்தார். நிரூபணம் ஹெண்ட்ரி பக்கம் முடிந்தது. கோஇன்டகிரேஷன் பிறந்தது அப்படி. இப்படிச் சேர்த்துக் கழித்தால் மலை நீங்கும் தொடர்கள் கட்டுண்டவை. சொல் 1981 கட்டுரையிலேயே வந்துவிட்டது.

எகனாமெட்ரிகாவுக்கு அனுப்பிய முதல் வடிவம் திரும்பி வந்தது. தரவில் செய்துகாட்டு என்று கேட்டார்கள். எங்கிள் சேர்ந்தார், சோதனை முறையும் உதாரணங்களும் வந்தன, 1987 மார்ச்சில் அச்சானது. உதாரணங்களின் முடிவுகள்: நுகர்வும் வருமானமும் கட்டுண்டவை. கூலியும் விலையும் இல்லை. குறுகியகால, நீண்டகால வட்டி விகிதங்கள் கட்டுண்டவை. பெயரளவு தேசிய உற்பத்தி, பணத்தை எண்ணும் அளவுகளில் எம்2ஓடு மட்டும் கட்டுண்டிருக்கலாம், எம்1, எம்3 இரண்டோடும் இல்லை.

உதாரணங்களில் பாதி "இல்லை" என்று வந்ததைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் "ஆம்" சொல்லும் சோதனையை யார் நம்புவார்கள்?

6.3.2024, காலை 9.20, பின்தேதி

குடிகாரரும் நாயும் உதாரணத்தை விட்டுவிட்டீர்களே. குடிகாரர் எங்கே போவார் என்று அவருக்கே தெரியாது. அவிழ்த்துவிட்ட நாயும் அப்படித்தான். இரண்டும் ரேண்டம் வாக். ஆனால் அவர் அவ்வப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், நாய் குரைக்கிறது, இடைவெளி அளவோடு நிற்கிறது. மைக்கேல் மரே 1994ல் எழுதியது. யாருக்கு விளக்கினாலும் இதோடு ஆரம்பித்தால் பத்து நிமிடம் மிச்சம்.

6.3.2024, காலை 11.00, வடிகட்டி

கட்சியை இன்னும் விடவில்லை. ஆனால் செய்முறை கேட்கிறேன். எங்கிள்-கிரேஞ்சர் இரண்டு படி என்கிறார்கள், படிக்கும் கட்டுரைகளில் ஆளுக்கு ஒரு மாதிரி செய்கிறார்கள்.

6.3.2024, இரவு 10.15, எச்சம்

பெயர்தான் இரண்டு படி. கையால் செய்யும்போது நான்கு.

முதலில் ஒவ்வொரு தொடருக்கும் யூனிட் ரூட் சோதனை, அதாவது மலை இருக்கிறதா என்ற சோதனை, டிக்கி-ஃபுல்லர். இரண்டும் ஒரு முறை வித்தியாசம் எடுத்தால் அடங்குபவையாக இருக்க வேண்டும். ஒன்று ஏற்கெனவே அடங்கியது, மற்றது அடங்காதது என்றால் அங்கேயே நிறுத்துங்கள், மேற்கொண்டு போக அர்த்தமில்லை. 5 சதவீத எல்லை மாறிலி மட்டும் போட்டால் −2.86, போக்கும் சேர்த்தால் −3.41; இதற்குக் கீழே போனால்தான் மலை இல்லை. சாதாரண டி-அட்டவணையின் −1.65ஐ இங்கே எடுப்பது முதல் பிழை.

அடுத்து, வித்தியாசம் எடுக்காமல் அப்படியே ஒன்றை மற்றொன்றின் மேல் ரிக்ரெஸ் செய்யுங்கள். ஆம், 1974ல் செய்யாதே என்று சொன்ன அதே வேலைதான். கட்டுண்டவையாக இருந்தால் இது அபாரமாக வேலை செய்யும்: வழக்கமாகப் பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு தரவு வேண்டும், இங்கே இரண்டு மடங்கு போதும். ஆனால் இந்தப் படியின் டி-மதிப்புகளை அட்டவணையில் போட்டு நட்சத்திரம் குத்தாதீர்கள். அவற்றுக்கு வழக்கமான அர்த்தம் கிடையாது.

மூன்றாவது, எச்சத்தை, அதாவது அந்த ரிக்ரெஷன் விளக்காமல் விட்ட பகுதியை, எடுத்து அதற்கு டிக்கி-ஃபுல்லர். இங்கேதான் பெரும்பாலோர் விழுகிறார்கள். எல்லை −2.86 அல்ல, இரண்டு மாறிகளுக்கு −3.34. மூன்று மாறிகளுக்கு −3.74. நான்குக்கு −4.10. இவை மெக்கின்னன் கணக்கிட்டவை, நீளமான தரவுக்கு. 100 கவனிப்புகளுக்கு இரண்டு மாறி எல்லை −3.40, 50க்கு −3.46 அளவில் இருக்கும்.

ஏன் கடினமான எல்லை? குறைந்தபட்ச வர்க்க முறை எச்சம் எவ்வளவு அடங்கியதாகத் தெரிய முடியுமோ அப்படித்தான் குணகத்தைத் தேர்ந்தெடுத்திருக்கும். தையல்காரர் அளவெடுத்துத் தைத்த சட்டை பொருந்துகிறது என்று ஆச்சரியப்படலாமா? மாறிகள் கூடினால் அளவெடுக்கும் நாடாவும் நீளும், எல்லையும் கீழே போகும்.

நான்காவது, பிழைதிருத்தச் சமன்பாடு. ஒரு தொடரின் மாற்றத்தை, மற்றதன் மாற்றம், இரண்டின் பின்தேதி மாற்றங்கள், போன காலாண்டின் எச்சம் இவற்றின் மேல் ரிக்ரெஸ் செய்யுங்கள். எச்சத்தின் குணகம் எதிர்ம எண்ணாக, 0க்கும் −1க்கும் நடுவில் இருக்க வேண்டும். −0.1 என்றால் விலகலில் பத்தில் ஒரு பங்கு ஒரு காலாண்டில் சரியாகிறது, பாதி சரியாக ஐந்து காலாண்டு.

நேர்ம எண்ணாக வந்தால், கழித்த வரிசை தலைகீழாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது சரியாக இருந்தால், சரிசெய்யும் வேலையை மற்றத் தொடர் செய்கிறது. குடிகாரர் நாயைத் தேடிப் போகிற வீடு.

6.3.2024, இரவு 10.40, எச்சம்

ஐந்து தப்பு. மிச்சத்தில் பத்தில் ஒரு பங்கு போகிறது, முதலில் இருந்ததில் அல்ல. 0.9ஐ அதனாலேயே பெருக்கிக்கொண்டே போனால் பாதிக்கு வர 6.6 காலாண்டு ஆகும். ஒன்றரை வருடத்துக்குக் கொஞ்சம் மேலே.

7.3.2024, காலை 6.50, பின்தேதி

மூன்றாவது படிக்கு மென்பொருள் எச்சரிக்கை ஒன்று. ஆர் என்ற மென்பொருளில் டி-சீரிஸ் தொகுப்பின் ஏடிஎஃப் (பின்தேதிகள் சேர்த்த டிக்கி-ஃபுல்லர்) சோதனை எப்போதும் மாறிலியும் போக்கும் சேர்த்துத்தான் ஓட்டும், மாற்ற வழியில்லை. அதை எச்சத்தின் மேல் ஓட்டினால் தரும் பி-மதிப்பு சாதாரணத் தொடருக்கானது, எச்சத்துக்கு ஆகாது. பின்தேதி எண்ணிக்கையையும் அதுவே தேர்ந்தெடுக்கும்: நீளத்தில் ஒன்று குறைத்து, கனமூலம் எடுத்து, பின்னத்தை வெட்டி. 50க்கு 3, 100க்கு 4. தரவு என்ன சொல்கிறது என்று பார்க்காது. உர்கா தொகுப்பில் மாறிலி, போக்கு இரண்டையும் நீக்கி ஓட்டலாம், எல்லையை மட்டும் மெக்கின்னனிடமிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பைத்தானின் ஸ்டாட்ஸ்மாடல்ஸில் கோஇன்டகிரேஷனுக்கென்றே தனிச் சோதனை இருக்கிறது, அது சரியான எல்லையைத் தருகிறது.

7.3.2024, காலை 9.30, எச்சம்

நன்றி. இன்னொன்றும் சேர்க்கிறேன். இரண்டாவது படியில் எதை இடப்பக்கம் போடுகிறோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறலாம். நுகர்வை வருமானத்தின் மேல் போட்டால் "ஆம்", வருமானத்தை நுகர்வின் மேல் போட்டால் "இல்லை" என்று குட்டித் தரவில் சாதாரணமாக வரும். மூன்று மாறி இருந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டுகள் இருக்கலாம், இந்த முறைக்கு ஒன்றுதான் தெரியும். சோரன் யோஹான்சன் 1988ல் கொண்டுவந்த முறை இரண்டையும் தீர்த்தது. பதிலுக்கு, குட்டித் தரவில் அது இல்லாத கட்டுகளை இருப்பதாகச் சொல்லும் பழக்கம் உள்ளது.

7.3.2024, மாலை 5.00, வடிகட்டி

தினசரித் தரவு எடுத்தால் குட்டித் தரவுப் பிரச்சினை தீர்ந்ததல்லவா?

7.3.2024, மாலை 5.25, எச்சம்

தீராது. யூனிட் ரூட், கோஇன்டகிரேஷன் இரண்டிலும் கணக்கு எத்தனை வருடம் என்பதில்தான், எத்தனை புள்ளி என்பதில் அல்ல. நான்கு வருட தினசரித் தரவில் ஆயிரம் புள்ளி இருக்கும். ஆனால் விலகல் பாதி சரியாக ஒன்றரை வருடம் ஆகுமென்றால், நான்கு வருடத்தில் அது எத்தனை முறை போய் வந்திருக்கும்? அறுபது வருட ஆண்டுத் தரவில் அறுபதே புள்ளி, ஆனால் போய் வந்த தடவைகள் அதிகம். அதுதான் சாட்சி.

8.3.2024, காலை 8.20, பின்தேதி

யாரும் காரணச் சோதனையைத் தொடவில்லை. ஆய்வேடுகளில் அவர் பெயர் அதிகம் அடிபடுவது அதனால்தான்.

8.3.2024, இரவு 9.00, எச்சம்

அதிகம் அடிபடுவதும் அதிகம் அடி வாங்குவதும் அதுதான்.

1969 எகனாமெட்ரிகா கட்டுரை. மூலக் கருத்து நார்பர்ட் வீனருடையது. ஒன்றின் கடந்த காலம் மற்றொன்றை முன்கணிக்க உதவினால், மற்றதன் சொந்தக் கடந்த காலம் சொல்வதற்கு மேலே உதவினால், காரணம் என்று வைத்துக்கொள்வது. செய்முறை எளிது: இடப்பக்கத் தொடரை அதன் சொந்தப் பின்தேதிகள் மேல் ஒருமுறை, மற்றத் தொடரின் பின்தேதிகளையும் சேர்த்து ஒருமுறை ரிக்ரெஸ் செய்து, சேர்த்ததால் பிழை உண்மையிலேயே குறைந்ததா என்று எஃப் சோதனை. பிறகு திசையை மாற்றி மறுபடி.

தேதியில் முந்துவது காரணமாகிவிடாது. தீபாவளிக்கு முந்தைய வாரம் பட்டாசு விற்பனை ஏறுகிறது. இந்தச் சோதனையைக் கேட்டால் பட்டாசுக் கடைதான் தீபாவளியை வரவழைக்கிறது என்று சொல்லும்.

தர்மனும் ஃபிஷரும் 1988ல் கோழியா முட்டையா என்பதை அமெரிக்காவின் 1930 முதல் 1983 வரையான தரவை வைத்து ஓட்டினார்கள். முட்டை கோழிக்குக் காரணம், கோழி முட்டைக்குக் காரணமில்லை என்று வந்தது. கட்டுரை கேலிதான், கணக்கு கேலி அல்ல.

கெடும் இடங்கள். மூன்றாவது மாறி: கிறிஸ்டோபர் சிம்ஸ் 1972ல் பணம் வருமானத்துக்குக் காரணம் என்று காட்டினார். 1980ல் அவரே குறுகியகால வட்டி விகிதத்தைச் சேர்த்ததும் பணத்தின் பங்கு பெரிதும் சுருங்கியது. பருவகாலம் நீக்கிய தரவு: எக்ஸ்-11 போன்ற முறைகள் முன்னும் பின்னும் உள்ள மாதங்களைச் சராசரி எடுப்பவை, ஆகவே "போன மாதம்" என்று நீங்கள் போடும் எண்ணுக்குள் அடுத்த மாதம் ஒளிந்திருக்கும். காரணச் சோதனைக்கு இதைவிட விஷம் இல்லை, பருவகாலம் நீக்காத தரவை எடுத்து மாத டம்மிகள் (அந்தந்த மாதத்துக்கு 1, மற்றதுக்கு 0) போடுங்கள். மலை உள்ள தொடர்கள்: எஃப் அட்டவணை பொருந்தாது. டோடாவும் யமமோட்டோவும் 1995ல் தந்த வழி: பின்தேதி 2 போதுமென்றால் 3 போட்டு ஓட்டுங்கள், சோதிப்பது முதல் இரண்டை மட்டும். மூன்றாவது சும்மா உட்கார்ந்திருக்கும், அட்டவணை பொருந்தும்படி செய்வதே அதன் வேலை.

கிரேஞ்சர் இந்த எஃப் சோதனையோடு திருப்திப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முன்கணிப்பு என்று சொல்லிவிட்டு, பார்த்த தரவுக்குள்ளேயே சோதிப்பது என்ன நியாயம் என்பது அவர் கட்சி. 1980ல் ஆஷ்லி, ஷ்மலன்சி இருவரோடு சேர்ந்து விளம்பரச் செலவும் நுகர்வும் பற்றி எழுதியபோது, தரவின் கடைசிப் பகுதியை ஒதுக்கிவைத்து அதில் முன்கணித்துப் பார்த்தார்கள். விளம்பரம் மொத்த நுகர்வை ஏற்றுவதாகத் தெரியவில்லை, நுகர்வுதான் விளம்பரத்தை ஏற்றுவதாகத் தெரிந்தது.

9.3.2024, காலை 7.40, எச்சம்

பைலீனியர் முட்டுச்சந்து என்று 4ம் தேதி எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

மாதிரியாக அது பெரிதாக ஓடவில்லை என்பது சரி. ஆனால் பைலீனியர் இருக்கிறதா என்று பார்க்க கிரேஞ்சர் ஒரு சின்ன உபாயம் வைத்திருந்தார்: எச்சத்தை வர்க்கம் எடு, அந்த வர்க்கங்களுக்குள் ஒட்டுறவு இருக்கிறதா பார். எச்சம் தன்னளவில் தொடர்பில்லாமல் இருந்தும் வர்க்கங்களில் தொடர்பு வந்தது. எங்கிள் அதைப் பார்த்து, இது பைலீனியர் அல்ல, ஏற்ற இறக்கத்தின் அளவே காலத்தோடு மாறுகிறது என்று எடுத்துக்கொண்டார். 1979ல் லண்டனில் விடுப்பில் இருந்தபோது அதை மாதிரியாக்கினார். ஆர்ச் என்று பெயர் வைத்தவர் ஹெண்ட்ரி. பிரிட்டிஷ் பணவீக்கத்தில் போட்டு 1982ல் அச்சானது. 2003 பரிசின் மற்றப் பாதி அதற்குத்தான்.

சோதனை இன்றும் அதேதான்: எச்ச வர்க்கத்தை அதன் பின்தேதிகள் மேல் ரிக்ரெஸ் செய்து, ஆர்-ஸ்கொயரைக் கவனிப்பு எண்ணிக்கையால் பெருக்குங்கள். ஒரு பின்தேதி என்றால் 3.84ஐத் தாண்டினால் ஆர்ச் உண்டு.

9.3.2024, காலை 10.10, வடிகட்டி

ஆக முட்டுச்சந்திலும் பழம். முன்கணிப்புக் கலவை இன்னும் பாக்கி.

9.3.2024, மதியம் 1.30, எச்சம்

பேட்ஸோடு 1969ல் எழுதியது, விமானப் பயணிகள் எண்ணிக்கையை வைத்து. ஒரு முன்கணிப்பின் பிழைப் பரவல் (வேரியன்ஸ்) 4, இன்னொன்றுடையது 9, பிழைகளுக்குள் தொடர்பில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மோசமானதைக் குப்பையில் போடத்தான் கை போகும். போடாமல் நல்லதற்கு 9/13, மோசமானதற்கு 4/13 எடை கொடுத்துக் கலந்தால் பரவல் 2.77க்கு இறங்குகிறது. நல்லதை விடவும் நல்லது.

பிழைகளுக்குள் ஒட்டுறவு 0.8 என்றால் அதே சூத்திரம் 1.24, −0.24 என்று எடை தரும். எதிர்ம எடையைக் கண்டதும் நிறுத்துங்கள். ஒட்டுறவைக் கொஞ்சம் தவறாக மதிப்பிட்டாலும் இந்த எடைகள் எங்கோ போய்விடும். அதனால்தான் நடைமுறையில் வெறும் சராசரியைத் தோற்கடிப்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

இதற்கும் மலைக்கும் சம்பந்தமில்லை. அமேசான் புத்தகத்துக்கும் இல்லை. அது 2002ல் பிரேசில் காடழிப்புத் தரவை வைத்து நான்கு பேரோடு எழுதியது. அந்த இரண்டு கிளைக்கும் உங்கள் கட்சி நிற்கட்டும்.

9.3.2024, மதியம் 2.00, பின்தேதி

அவர் இந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு தாவல்தான். பள்ளி வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து என்ன ஆகப் போகிறாய் என்று சொல்ல வேண்டும். வானிலைத் துறை என்று சொல்ல நினைத்தார். திக்குவாய், அந்தச் சொல் வரவில்லை. புள்ளியியல்காரர் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

9.3.2024, மதியம் 2.15, வடிகட்டி

ஆங்கிலத்தில் ஸ்டாட்டிஸ்டீஷியன் இன்னும் மோசமாகத் திக்குமே!

10.3.2024, காலை 11.00, வடிகட்டி

சரி, முதல் பதிவில் "முன்மாதிரியாகக் காட்டாதீர்கள்" என்றேனே. இன்று பிஎச்டி போகும் பிள்ளைக்கு அவர் பாதை கிடைக்குமா?

10.3.2024, இரவு 8.30, எச்சம்

பாதை கிடைக்காது. இன்று அமெரிக்காவில் ஐந்தாறு வருட பிஎச்டி, அதன் முடிவில் வேலைச்சந்தைக் கட்டுரை என்று ஒன்றே ஒன்று. இலையுதிர் காலத்தில் விண்ணப்பம், குளிர்காலத்தில் நேர்காணல், அப்புறம் பல்கலைக்குப் போய் ஒன்றரை மணி நேர உரை. வேலை கிடைத்தால் ஆறேழு வருடத்தில் நிரந்தரம் அல்லது வெளியேற்றம். நல்ல இதழில் ஒரு கட்டுரை அனுப்பியதிலிருந்து அச்சாவது வரை மூன்று நான்கு வருடம் சாதாரணம், ஆகவே கணக்கு முதல் வருடத்திலேயே ஓட ஆரம்பிக்கிறது. ஆறு வருடத்தில் ஸ்பெக்ட்ரம், காரணம், கலவை என்று மூன்று வெவ்வேறு சாமான்களைக் காட்டினால், நிரந்தரக் குழு வெளியிலிருந்து கேட்கும் கடிதங்களில் உங்கள் தொடக்கப் பதிவை அப்படியே எழுதி அனுப்புவார்கள்.

பழக்கம் கிடைக்கும். நிறுவலுக்கு முன்னால் 50 எண் எடுத்து 100 முறை ஓட்டிப் பார்ப்பது. எதிராளி தவறு என்று நிரூபிக்க உட்கார்ந்து, அவர் சரி என்று வந்தால் அதையே அச்சேற்றுவது. இரண்டாவதற்குத் துணிச்சல் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

11.3.2024, காலை 9.05, புதிய வாசகர்

இழையை முழுக்கப் படித்தேன். எம்ஃபில் ஆய்வேட்டுக்கு 30 வருட ஆண்டுத் தரவு இருக்கிறது. பணவீக்கம், பணஅளிப்பு, மாற்று விகிதம், உற்பத்தி, நான்கு மாறி. நான்கு பின்தேதி போட்டு யோஹான்சனும் காரணச் சோதனையும் செய்யச் சொல்கிறார்கள். சரிதானா அண்ணா?

11.3.2024, மதியம் 12.40, எச்சம்

எண்ணிப் பார்த்துவிடுங்கள் தம்பி. நான்கு பின்தேதிக்கு முதல் நான்கு வருடம் போனது, மிச்சம் 26. ஒவ்வொரு சமன்பாட்டிலும் நான்கு மாறிக்கு நான்கு பின்தேதி, 16. மாறிலியோடு 17. 26ல் 17 போனால் 9. ஒன்பது புள்ளியை நம்பி ஒரு மத்திய வங்கியின் கொள்கையை விமர்சிக்கப் போகிறீர்கள்.

இரண்டு மாறி, ஒரு பின்தேதி என்றால் 29ல் 3 போய் 26 மிஞ்சும். பணஅளிப்பும் விலைவாசியும் போதும். பணவீக்கமாக அல்ல, விலைக் குறியீடாகவே எடுங்கள், பணவீக்கம் என்பது ஏற்கெனவே ஒருமுறை வித்தியாசம் எடுத்தது. இரண்டையும் லாகரிதம் எடுத்து, படம் வரைந்து, 1990களில் முறிவு தெரிகிறதா என்று முதலில் கண்ணால் பாருங்கள். எச்சத்துக்கு எல்லை −3.34 அல்ல, 30 புள்ளிக்கு −3.55 அளவில் வரும்.